குருவிக் கூண்டுக்குள் கணவாய் ஓடு

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களிடம், முட்டை ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் தீவனத்தில் எவ்வளவு சேர வேண்டும் என்று எனக்கே வகுப்பெடுப்பார்கள். அதே வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளின் ஆசைக்கு வாங்கிய லவ் பேர்ட்ஸ் கூண்டைப் பார்த்தால் தினையும் தண்ணீரும் மட்டும் இருக்கும்.

"ஏனுங்க டாக்டர், கடல் நுரைன்னு கடைக்காரர் ஒண்ணு குடுத்தாருங்க. அலை நுரை காஞ்சு போனா இப்படி ஆயிருமுங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளையாக, நகம் பட்டாலே மாவாக உதிரும் அந்தத் துண்டு, கணவாய் என்ற கடல் பிராணியின் உடம்புக்குள் இருக்கும் ஓடு. அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கணவாய்க்கு அது மிதவையும்கூட. உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணறைகளில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் அது மேலேயும் கீழேயும் போகிறது.

இந்தப் பிராணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடிவதில்லை. கணவாய் மீனே அல்ல, நத்தைக்கும் சிப்பிக்கும் பங்காளி. அதற்கு இதயம் மூன்று: இரண்டு செவுள்களுக்கு, ஒன்று மற்ற உடம்புக்கு. ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் நிறம் நீலப்பச்சை. கண்மணி வளைந்து நெளிந்த கோடுபோல இருக்கும். ஒரு நொடிக்குள் பாறையாகவும் மணலாகவும் தோலை மாற்றிக்கொள்கிற இந்த வேஷக்காரனுக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்கவே தெரியாது!

ஆஸ்திரேலியக் கடலில் இருக்கும் ஒரு கணவாய் இனத்தின் ஆணைப் பற்றி 2012இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு பக்கம் பெண், மறுபக்கம் போட்டிக்கு வந்த ஆண். நடுவில் நிற்கும் இந்த ஆள், பெண்ணைப் பார்த்த பக்கத்தில் ஆணின் கோலத்தைக் காட்டுவான், போட்டியாளனைப் பார்த்த பக்கத்தில் பெண் வேஷம் போட்டுக்கொள்வான். அந்தப் போட்டியாளனும் இரண்டு பெண்கள் நிற்பதாக நினைத்துப் பேசாமல் இருப்பான். பள்ளிகளில் இதைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இன்னொரு வகைக் கணவாய், பிடித்த இரால் கிடைக்கும் என்று தெரிந்தால் கையெட்டும் தூரத்தில் இருக்கும் சாதாரண இரையைத் தொடாமல் இரண்டு நிமிடம்வரைகூடக் காத்திருந்தது என்று 2021இல் எழுதினார்கள். இவ்வளவு சாமர்த்தியத்துக்கும் ஆயுசு ஓரிரண்டு வருடம்தான்.

அது விட்டுப்போகிற ஓட்டைத்தான் நம் கூண்டில் கட்டுகிறோம். தினையில் கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்று அடுத்தடுத்து முட்டையிடும் பெண் குருவிக்கு ஓடு மெலியும், முட்டையைத் தள்ளும் தசைக்கும் வலு போய்விடும். முட்டை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சிறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்து, வால் ஏறி இறங்க முக்கினால் அது அவசரம். தயவுசெய்து வயிற்றைப் பிதுக்காதீர்கள், விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. கதகதப்பாக வைத்து உடனே கொண்டு வாருங்கள். அந்த நேரத்தில் ஓட்டைக் கட்டிப் பயனில்லை, அது முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும்.

மெத்தென்ற பக்கம் குருவியைப் பார்க்கும்படி கம்பியோடு கட்டுங்கள். எச்சம் பட்டால் மாற்றுங்கள். கடற்கரையில் பொறுக்கியதாக இருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்த பிறகு கட்டலாம். கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும், அதற்குக் காலை வெயில் நேராகப் பட வேண்டும், கண்ணாடி ஜன்னல் வழியாக வருவது போதாது. ஈரோடு, கரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் கூண்டின் பாதிக்காவது நிழல் இருக்கட்டும். இரண்டு ஈடு குஞ்சு பொரித்துவிட்டால் முட்டையிடக் கட்டிய மண் கலயத்தைக் கழற்றி, சில மாதம் பெண் குருவியை ஓய்வாக விடுங்கள்.