அழவைக்கும் நாவல்களை ஏன் தேடித்தேடிப் படிக்கிறார்கள்?

பதினான்கு வயது மகள் மனச்சோர்வு, சாவு, பெற்றோரின் பிரிவு என்று இந்த மாதிரி நாவல்களையே எடுத்துப் படிக்கிறாள், பயமாக இருக்கிறது, நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மகளிடம் கேட்டால், "இதுல இருக்கிறதுதான் நிஜம், மத்ததெல்லாம் அட்வைஸ்" என்கிறாளாம். அந்தப் பெண் சொன்ன பதிலில் நல்ல உளவியல் இருக்கிறது.

மூளை வளர்ச்சிக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிகள் பதின்ம வயதிலேயே வேகமெடுத்துவிடுகின்றன. நிதானத்துக்குப் பொறுப்பான முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். இதோடு டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-ல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்று இந்த வயதில் தோன்றும். தனக்கு நடப்பது உலகத்தில் யாருக்குமே நடந்ததில்லை என்றும் தோன்றும். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையில், அதே வலியை 'நான்' என்று தன் கதையாகச் சொல்லும் இன்னொரு குரல் கிடைத்தால் விடுவாளா?

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கதைக்குள் ஒருவர் மூழ்கிவிட்டார் என்பதை எப்படி அளப்பது? மெலனி கிரீன், திமோதி பிராக் என்ற இருவர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு ஒரு அழகான வழியைக் கண்டுபிடித்தார்கள். வணிக வளாகத்தில் ஒரு சிறுமியை மனநல சிகிச்சையில் இருக்கும் ஒருவர் கொன்றுவிடுவதாக ஒரு கதை. அதைப் படிக்கக் கொடுத்து, எங்கெல்லாம் பொய்யாகப் படுகிறதோ அங்கெல்லாம் வட்டம் போடச் சொன்னார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மையின் பெயரால் இதைப் பினோக்கியோ வட்டம் என்றார்கள். கதைக்குள் ஆழமாகப் போனவர்கள் குறைவான வட்டங்களே போட்டார்கள். கதையோடு ஒட்டிய நம்பிக்கைகளும் அவர்களிடம் கூடியிருந்தன. இதைவிட வேடிக்கை என்னவென்றால், 'உண்மைச் சம்பவம்' என்று சொல்லிக் கொடுத்தாலும் 'கற்பனை' என்று சொல்லிக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஏன் இப்படி? கவனம், மனக்காட்சி, உணர்ச்சி மூன்றும் கதையின் பக்கம் போய்விட்டால், எதிர்வாதம் செய்ய மனதில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். 2009-ல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கதாபாத்திரம் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் வரியில், சும்மா படுத்துப் படித்துக்கொண்டிருப்பவரின் மூளையிலும் கையசைவோடு தொடர்புள்ள பகுதிகள் சுறுசுறுப்பாகின்றன.

அட்வைஸ் நுழைந்ததும் இந்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. தன் சுதந்திரத்தில் யாரோ கைவைக்கிறார்கள் என்று தெரிந்த உடனே மனிதர் முறுக்கிக்கொள்வதை ஜாக் பிரெம் 1966-லேயே விளக்கிவிட்டார். பதின்ம வயதில் அந்த முறுக்கு சற்று அதிகம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆரோக்கியப் பாடம் நடத்தினார்கள். இன்னொரு பகுதியினருக்கு உணவு நிறுவனங்கள் மக்களை எப்படி ஏமாற்றுகின்றன என்று விளக்கினார்கள். மறுநாள் நொறுக்குத் தீனியைக் குறைத்தவர்கள் இரண்டாவது குழுவினர்! போதைப்பொருள் பற்றிய நாவலில் கடைசி அத்தியாயத்தில் ஒரு ஆசிரியர் வந்து இரண்டு பக்கம் பேசினால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவது இதனால்தான்.

மூழ்காமல் படித்தால் என்ன, நல்ல விஷயம்தானே என்று கேட்கலாம். பால், வெல்ட்காம்ப் என்ற இருவரின் 2013 ஆய்வில், கதைக்குள் உணர்ச்சியோடு போனவர்களுக்கு ஒரு வாரம் கழித்துப் பிறர்மேல் பரிவு கூடியிருந்தது. ஒட்டாமல் படித்தவர்களுக்குக் குறைந்திருந்தது. ஆனால் இதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். இந்தத் துறையின் குறையே இதுதான். கல்லூரி மாணவர்கள் பக்கத்திலேயே கிடைக்கிறார்கள். பதினான்கு வயதுக்காரர்களை ஆராயப் பெற்றோர் ஒப்புதல், பள்ளி அனுமதி என்று அலைய வேண்டும். இலக்கியம் கொஞ்சம் படித்தாலே பிறர் மனதை அறியும் திறன் கூடுகிறது என்ற 2013-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற முடிவும், பின்னால் பெரிய குழுக்களில் திரும்பச் செய்தபோது நிற்கவில்லை. பழைய ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்கப் பணம் கொடுப்பவர்கள் குறைவு. எனக்கு இது எரிச்சலான விஷயம்.

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருவோம். அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் பயப்படும் இடத்தில் இல்லை. வட்டம் போட மறந்த மனதுக்குள் நல்லதும் நுழையும், தப்பும் நுழையும். கிரீன், பிராக் கொடுத்த கதையே மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் ஆபத்தானவர்கள் என்ற எண்ணத்தை ஏற்றிவிடக்கூடியது. காதலன் கிடைத்ததும் மனச்சோர்வு மறைந்துவிடும் நாவலும், தற்கொலையைப் பழிவாங்கலாகக் காட்டும் நாவலும் அப்படித்தான். தற்கொலைச் செய்திகள் பெரிதாக வெளியான பிறகு தற்கொலைகள் கூடுவதை டேவிட் பிலிப்ஸ் 1974-ல் காட்டினார். ஆஸ்திரியச் செய்தித்தாள்களை ஆராய்ந்த 2010 ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: தற்கொலை எண்ணம் வந்தும் சமாளித்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்தபோது தற்கொலைகள் குறைந்திருந்தன. இவை நாவல்கள் அல்ல, செய்திகள். இருந்தாலும் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பார்க்க இது ஒரு நல்ல காரணம்.

தற்கொலையைப் பற்றிப் பேசினாலே அந்த எண்ணம் வந்துவிடும் என்பதை மட்டும் நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் சேர்ப்பேன். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகவே கேட்டுப் பார்த்தார்கள். கேட்டதால் அந்த எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களின் தவிப்பு, அப்படிக் கேட்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால் சற்றுக் குறைவாகவே இருந்தது.

அதனால் அந்த அம்மாவும் அதே நாவலைப் படித்துவிட்டு, எந்த இடம் பொய்யாகப் பட்டது என்று மகளிடம் கேட்கலாம். மகள் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், தோழிகளிடம் பேசாமல் இருக்கிறாள் என்றாலோ, சாவைப் பற்றித் தன்னை வைத்தே பேசுகிறாள் என்றாலோ, புத்தகத்தைப் பிடுங்குவதில் நேரத்தை வீணாக்காமல் நேராக மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும்.