கல்ஃபுக்குப் போகும்முன்: எமிகிரேஷன் கிளியரன்சும் 10 லட்ச ரூபாய் இன்சூரன்சும்

இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் போட்ட பொருளாதார ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறைய சரக்குகளுக்குச் சுங்கவரி குறைந்தது. அதனால் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களான குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் மீன்பிடி லாஞ்ச் வேலைக்குப் போகிறவர்களுக்கு வழி எளிதாகிவிட்டதா? இல்லை. சரக்கு போகிற வழி வேறு, ஆள் போகிற வழி வேறு. வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாட்டுக் குடிமக்கள் தங்களுக்குள் எந்த நாட்டிலும் வேலை பார்க்கலாம். ஓமானில் வேலை பார்க்கும் நம் குமரி மாவட்டத் தூத்தூர்க்காரருக்கு அந்த உரிமை கிடையாது. பஹ்ரைனுக்கு மாற வேண்டுமென்றால் புது விசாவிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு உள்ள காவல் 1983-ஆம் ஆண்டின் எமிகிரேஷன் சட்டம்தான். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகையில், அதாவது 'எமிகிரேஷன் சோதனை தேவை' என்ற வகையில் இருக்கும். அவர்கள் சவுதி, குவைத், கத்தார், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் கிளியரன்ஸ் வேண்டும். இ-மைக்ரேட் என்ற மத்திய அரசு இணையதளம் வழியாக இது நடக்கும்.

கிளியரன்ஸோடு சேர்ந்து கட்டாயமாக வருவது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸ். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். வேலை சம்பந்தமான வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை உண்டு. வேலை செய்யும் கம்பெனி மாறினாலும் பாலிசி செல்லும். விபத்து மரணத்துக்கு இந்தியத் தூதரகம் தரும் சான்றிதழே போதும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய உதவி. ஆகவே பாலிசியின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். முதல் பாலிசி முடிந்ததும் புதுப்பிக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கிருந்தபடியே ஆன்லைனில் புதுப்பிக்கலாம்.

சிக்கல் இனிமேல்தான். "இப்போ விசிட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், கிளியரன்ஸும் கிடையாது, இந்த இன்சூரன்ஸும் கிடையாது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கும் கிளியரன்ஸ் தேவையில்லை, அதனால் இன்சூரன்ஸ் கட்டாயமும் இல்லை. படித்ததற்கு இப்படி ஒரு தண்டனை! அப்புறம் ஈரான். நம் மீனவர்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள், ஆனால் அந்த 18 நாடுகளின் பட்டியலில் ஈரான் இல்லை, அதனால் இந்தக் கிளியரன்ஸும் இன்சூரன்ஸ் கட்டாயமும் அங்கே போகிறவர்களுக்கு இல்லை. கொரோனா காலத்தில் அங்கே சிக்கியவர்களை ஐ.என்.எஸ். ஜலஷ்வா என்ற இந்தியக் கடற்படைக் கப்பல் 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ரசீது கேளுங்கள். தர மறுத்தால் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். அவருடைய பதிவு எண் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாகர்கோவிலில் நல்ல போர்டு வைத்து ஆபீஸ் நடத்துவது மட்டும் பதிவு ஆகாது. தனியார் ஏஜென்டே வேண்டாம் என்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கலாம்.