பித்தளையின் அடியில் இருக்கும் பெயர் யாருடையது?

போன மாதம் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் மரப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். உள்ளே பித்தளையில் ஒரு செக்ஸ்டன்ட், அந்தக் காலக் கப்பல்களில் சூரியனின் உயரத்தை அளக்கும் கருவி. பெட்டி மூடியில் ஒரு தகடு: ‘கெல்வின் அண்டு ஹியூஸ், லண்டன், 1917’.

“தம்பி, கம்பெனி பேரு, ஊரு, வருஷம் எல்லாமே வெட்டியிருக்கு. நீங்க விலை மட்டும் சொன்னாப் போதும்” என்றார்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. கெல்வின் பெயரில் ஒரு கருவிக் கம்பெனி இருந்தது, ஹியூஸ் பெயரில் வேறொன்று இருந்தது. இரண்டும் இணைந்து கெல்வின் அண்டு ஹியூஸ் என்று ஆனது 1947இல். 1917இல் அப்படியொரு பெயரே கிடையாது. லென்ஸ் வைத்து வில் போன்ற அளவுப் பட்டையைப் பார்த்தேன். கோடுகளுக்கு நடுவே இடைவெளி ஒரு சீராக இல்லை. இதை நம்பிக் கப்பல் ஓட்டினால் கொழும்புக்குக் கிளம்பியவர் மாலத்தீவில்தான் இறங்குவார். ஷோகேஸில் வைப்பதற்கென்றே இவற்றைச் செய்கிறார்கள். அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்கும் வரை அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாலு கை மாறுவதற்குள் அது ‘ஆன்டிக்’ ஆகிவிடுகிறது.

பழைய பித்தளையைப் பழுது பார்ப்பதும் மதிப்பிடுவதும்தான் எனக்குத் தொழில். ‘இதை யார் செய்தது?’ என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பெயரையும் கையோடு கொண்டுவருவார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அது செய்தவர் பெயரா, விற்றவர் பெயரா, வைத்திருந்தவர் பெயரா?

நம் ஊர்ப் பாத்திரங்களில் பெரும்பாலும் மூன்றாவதுதான். சீர்ப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா, அதே வழக்கம்தான். செட்டிநாட்டு வீடுகளில் குத்துவிளக்கு, அண்டா, வெற்றிலைப்பெட்டி எல்லாவற்றிலும் குடும்ப விலாசம் சுருக்கெழுத்தாக இருக்கும். இரண்டு மூன்று எழுத்து, நடுவில் புள்ளி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து வெளியூர் போன ஒரு செம்பை, அந்த விலாசத்தையே தயாரிப்பாளர் பெயராகப் போட்டு யாரோ இணையத்தில் விற்றதைப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்தச் செட்டியார் வாழ்நாளில் சுத்தியலைத் தொட்டிருக்கமாட்டார்.

செய்த பத்தர்கள் பொதுவாகத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டதில்லை. கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவில் விளக்கு என்றால், காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்த்திருப்பார்கள். பாதம், தண்டு, தட்டு, பிரபை எல்லாம் தனித்தனி. மரை போட்டுச் சேர்ப்பது. அந்த மரையைத்தான் நான் முதலில் கழற்றுவேன். கையால் வெட்டிய பழைய மரையாக இருந்தால் ஒரு விளக்கின் தண்டு பக்கத்து விளக்கின் பாதத்தில் அநேகமாக ஏறாது. எல்லாவற்றிலும் எல்லாம் ஏறினால் மெஷின் வேலை என்று சந்தேகப்படலாம். இதையெல்லாம் வைத்து ‘நாச்சியார்கோவில் வேலைப்பாடு’ என்று எழுதித் தருவேன். பத்தர் பெயர் வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்களுக்குக் காபி மட்டும்தான் தரமுடியும்.

சீனத்துத் தூபக்கலசங்கள் இன்னும் வேடிக்கை. அடியில் மிங் வம்சத்து ஷுவான்டே அரசர் முத்திரை இருக்கும். அவர் ஆண்ட காலம் 1426 முதல் 1435 வரை. அவர் காலத்துக் கலசங்களுக்கு இருந்த மதிப்பால், பல நூற்றாண்டுகள் கழித்துச் செய்தவர்களும் அதே முத்திரையைப் போட்டார்கள்.

சரி, நம்பக்கூடிய முத்திரையே கிடையாதா? உண்டு. ஒரு குடும்பத்தில் ஜோடிப் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி கொண்டுவந்தார்கள். அடியில் சாய்சதுரம், அதன் மூலைகளில் எழுத்துகள், உச்சியில் ஒரு சிறு வட்டம். வீட்டுப் பாட்டி அதை ஏதோ யந்திரம் என்று நினைத்து வருஷக்கணக்கில் குங்குமம் வைத்து வந்திருக்கிறார். மரக்குச்சியால் மெதுவாகக் குங்குமத்தை எடுத்தேன். வட்டத்துக்குள் ரோமன் ஒன்று, வலது மூலையில் ‘P’ என்ற ஆங்கில எழுத்து. இது 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் இருந்த வடிவமைப்புப் பதிவு முத்திரை. ரோமன் ஒன்று என்றால் உலோகம். 1868 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து வலது மூலையில் வரும். அங்கே ‘P’ என்றால் 1877. இடது மூலையில் உள்ள எண்ணையும் தேதியையும் வைத்து, லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். 1884 முதல் சாய்சதுரம் போய் வரிசை எண் வந்தது. 1900ஆம் ஆண்டு 351202 என்ற எண்ணில் தொடங்குகிறது.

இதிலும் ஒரு சிக்கல். அது வடிவத்தைப் பதிந்த நாள். உங்கள் கையில் இருக்கும் துண்டு அதற்குப் பல வருஷம் கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம். பதிந்தவர் கடைக்காரராகவும் இருக்கலாம்.

பாட்டியின் குங்குமம் முத்திரையைக் காப்பாற்றியது. மற்ற வீடுகளில் அதை அழிப்பது பாலிஷ். புளி, சாம்பல், டப்பா பாலிஷ் எதுவானாலும் தேய்க்கத் தேய்க்க எழுத்து கரையும். என்னிடம் கொண்டுவரும் முன் தயவுசெய்து பளபளப்பாக்காதீர்கள். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய வெட்டு நிழலாகத் தெரியும். அதைப் போட்டோ எடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தாலும் போதும்.

அமோனியா கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம். அடித்தோ அழுத்தியோ உருவாக்கிய மெல்லிய பித்தளையில் அது விரிசல் விடவைக்கும். பிரிட்டிஷ் ராணுவம் இதை நம் நாட்டில்தான் பட்டுத் தெரிந்துகொண்டது. மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாக வெடிப்பு விட்டன. காரணம் லாயத்துக் காற்றில் இருந்த அமோனியா.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பாட்டி வீட்டு விளக்கை அனுப்ப நினைப்பவர்களுக்கும் வயது முக்கியம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அவ்வளவு பழையது இல்லை என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் கண்ணீர் விட வேண்டாம்.

செக்ஸ்டன்ட் கொண்டுவந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “இந்தத் தகட்டை மட்டும் கழட்டித் தருவீங்களா? பேரன் வந்தா வாசிச்சுக் காட்டச் சொல்வான்” என்றார். நாலே நாலு ஆணி. தகட்டை நெம்பி எடுத்தேன். பல வருஷம் மூடிக் கிடந்த மரம் என்றால் அந்த இடம் மட்டும் நிறம் மாறியிருக்கும். இங்கே தகடு இருந்த இடமும் சுற்றியுள்ள இடமும் ஒரே நிறம். ஆணித் துளைகளை மெழுகால் அடைத்துக் கொடுத்தேன். தகட்டை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.