முகத்துவாரம் வெட்டியாச்சா?

ஐப்பசி கழிந்து மழை பிடித்துக்கொண்டால் மட்டக்களப்பில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் வாவி கடலோடு சேரும் வாய்களில் ஒன்றான முகத்துவாரம் பாலமீன்மடுப் பக்கம் இருக்கிறது. கோடையில் மணல் மேடு அதை அடைத்துவிடும்.

இந்தக் கரையில் கடலின் வற்றுப்பெருக்கு 1 மீட்டரைக்கூடத் தொடாது. ஆகவே அதற்கு வாயைத் திறந்து வைக்கும் பலம் கிடையாது. அந்த வேலையைச் செய்வது மழைவெள்ளம்தான். வெள்ளம் வடிந்ததும், அலைகள் கரையோரமாக அள்ளிவரும் மணல் வாயில் குவிந்துவிடும்.

அடைத்த மணல் மேட்டை வெட்டுவது பெரிய வேலையில்லை. மணலில் ஒரு வாய்க்கால் கீறினால் போதும். வாவி உயர்ந்தும் கடல் தாழ்ந்தும் நிற்பதால், ஓடும் நீரே மணலை அரித்துப் பாதையை அகலமாக்கும். அகன்றால் இன்னும் ஓடும், இன்னும் அரிக்கும். எல்லாம் அந்த மட்ட வித்தியாசத்தில் இருக்கிறது. நன்றாக நிரம்பியபின் வெட்டினால் உள்ளே படிந்த மண்ணையும் வெள்ளம் இழுத்துப்போகும். அரைகுறையாக நிரம்பியபோது வெட்டினால் வாய் ஆழமாகாது, சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

சரி, நிரம்பும்வரை பொறுக்க வேண்டியதுதானே? அங்கேதான் சண்டை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பள்ள வயல்களில், மாரி மழைக்கு விதைத்த பெரும்போக நெல் இளம்பயிராக நிற்கும். ஒரு வாரம்போல மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். உடனே வெட்டு என்பார் விவசாயி. முந்தி வெட்டினால் வளராத மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்பார் மீனவர். வெட்டாமலே விட்டாலும் அவருக்கு நட்டம்தான்: வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில், குஞ்சு வளர்வது வாவியில். வாய் திறந்தால்தான் குஞ்சு உள்ளே வரும். ஆக, தகராறு நாளைப் பற்றித்தான்.

இதில் நகரத்துக்காரர் தம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை. வாவியோரச் சதுப்பையும் கண்டல் காட்டையும் கிரவல் கொட்டி நிரப்பி வீடு கட்டியவர்கள் நாங்கள்தான். வெள்ளம் பரவ இடம் குறைந்தால் அதே மழைக்கு மட்டம் கூடுதலாக ஏறும். முற்றத்தில் தண்ணீர் வந்ததும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, தொலைபேசி அழைப்புப் போகும். வாவி நிரம்புமுன்பே வெட்டவேண்டி வரும். வாயும் முந்தி மூடும்.

முகத்துவாரம் வெட்டும் நாளைப் பேசும் கூட்டத்தில் விவசாயியும் மீனவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். பள்ளக் காணிக்குக் கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில் இருவருக்கும் கதிரை இல்லை.