ஷட் டவுனில் விழும் கம்ப்யூட்டர்: ஃபார்மட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மியான்மரின் யாங்கோனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. "அண்ணே, நாள் முழுக்க நல்லாத்தான் ஓடுது. ஷட் டவுன் கொடுத்தாதான் நீலத்திரை வருது." சிலர், "அணைச்சா அதுவாவே திரும்ப எழுந்துக்குது" என்பார்கள். கூடவே தீர்வையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "விண்டோஸை மாத்திப் போட்டுடுங்க."

நான் தடுக்க நினைப்பது இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். இந்தப் பழுதுக்கு ஃபார்மட், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது, பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. அவசரத்தில் ஃபார்மட் போட்டுக் கடைக் கணக்கையும் பிள்ளைகளின் படங்களையும் இழந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவ்வளவையும் இழந்த பிறகு, அதே பழுது மறுவாரம் திரும்பி வந்து நிற்கும்.

நாள் முழுக்க ஓடுவது அணைக்கும்போது மட்டும் ஏன் விழுகிறது? அணைக்கும் அந்தச் சில நொடிகளில் கம்ப்யூட்டருக்கு வேலை அதிகம். திறந்திருக்கும் புரோகிராம்களை மூட வேண்டும். நினைவகத்தில் நிற்கும் தகவலை டிஸ்க்கில் எழுத வேண்டும். பிறகு வைஃபை, கிராஃபிக்ஸ், யுஎஸ்பி என்று ஒவ்வொரு கருவியிடமும் "அணைந்துகொள்" என்று சொல்லி, அதன் டிரைவரிடமிருந்து (அந்தக் கருவியை இயக்கும் புரோகிராமிடமிருந்து) பதில் வாங்க வேண்டும். ஒரே ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் இருந்தாலும் போதும். விண்டோஸ் சில நிமிடம் காத்திருக்கும், அப்புறம் நீலத்திரை, அதாவது பிழைச் செய்தியோடு வரும் நீல நிறத் திரை, காட்டி நின்றுவிடும். நீலத்திரை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் வழக்கமாக அமைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் "தானாக எழுந்துக்குது" என்று தோன்றுகிறது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதிக்குப் போய் அந்தத் தானியங்கி ரீஸ்டார்ட்டை எடுத்துவிட்டால், திரை நிற்கும், அதில் உள்ள எழுத்தைப் படிக்கலாம்.

இங்கே நம் ஊர் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். மின்சாரம் முறைவைத்து வருகிறது. கரண்ட் போகும் நேரம் நெருங்கும்போதுதான் எல்லோரும் ஷட் டவுன் கொடுக்கிறார்கள். திரை சுற்றிக்கொண்டே இருந்தால் பொறுமை போய், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறார்கள். அவர்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீலத்திரை வருவதற்கு முன்பே அணைத்துவிட்டால், எந்த டிரைவர் தவறு செய்தது என்ற பதிவு எழுதப்படாமலே போகிறது. டிஸ்க்கில் பாதி எழுதிய கோப்பும் கெட்டுப்போகலாம். ஒரு முறையாவது, கரண்ட் போக நிறைய நேரம் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்துவிட்டுக் கை வைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

பிறகு விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் இவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். முழு ஷட் டவுன் ஒழுங்காக நடந்திருந்தால் 6006 என்ற எண் இருக்கும். எதிர்பாராமல் அணைந்திருந்தால் 6008, கூடவே கெர்னல் பவர் 41. அந்த 41-ஐப் பார்த்ததுமே "பவர் சப்ளை போச்சு" என்று சொல்லிப் புதிது விற்கும் கடைகள் உண்டு. அது சரியில்லை. சென்ற முறை ஒழுங்காக அணையவில்லை என்பதைத் தவிர 41 வேறெதுவும் சொல்வதில்லை. அதன் விவரப் பகுதியில் பக்செக் கோட் என்று, நீலத்திரையின் காரணத்தைக் குறிக்கும் எண்ணோடு ஒரு வரி இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும். 159 என்றிருந்தால், ஏதோ ஒரு டிரைவர் மின்நிலை மாறும்போது பதில் சொல்லவில்லை. 160 என்றால், ஹைபர்னேட் கோப்பு (அணைக்கும்போது நினைவகத்தின் நிலையை எழுதி வைக்கும் கோப்பு) அல்லது மின்நிர்வாகம் சம்பந்தப்பட்ட கோளாறாக இருக்கலாம். 0 என்றால் நீலத்திரையே பதிவாகவில்லை. கரண்ட் போயிருக்கும், யாராவது பட்டனை அழுத்தியிருப்பார்கள், இல்லையென்றால் சூடு, பவர் சப்ளை போன்றவற்றைச் சந்தேகிக்கலாம்.

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரும் இருக்கும், நீலத்திரை வந்தபோது எழுதிய பதிவுகள் அதில் இருக்கும். குற்றவாளி டிரைவரின் பெயர் பல நேரம் அங்கேதான் கிடைக்கிறது. வேகம் கூடும் என்று பேஜ் ஃபைலை (நினைவகத்துக்குத் துணையாக டிஸ்க்கில் விண்டோஸ் வைத்திருக்கும் கோப்பை) நிறுத்தி வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இந்தப் பதிவு பெரும்பாலும் உருவாகாது. 'கிளீனர்' புரோகிராம்களும் இதைக் குப்பை என்று அழித்துவிடும். இந்த இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பயின்னாங் சந்தைப் பக்கம் உளுந்து, துவரை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் இப்படித்தான் என்னிடம் வந்தது. வேறு இடத்தில் ஏற்கனவே ஃபார்மட் போட்டிருந்தார்கள், பழுது போகவில்லை. பக்செக் கோட் 159. மினிடம்ப் வைஃபை டிரைவரைக் காட்டியது. பின்னால் செருகியிருந்த ஒரு சின்ன யுஎஸ்பி வைஃபை குச்சிதான் காரணம். அதைப் பிடுங்கிவிட்டு ஷட் டவுன் கொடுத்ததும் கம்ப்யூட்டர் உடனே அணைந்தது. முந்தைய விண்டோஸுக்காக எழுதிய பழைய டிரைவர், குச்சியோடு வந்த சிடியில் இருந்தது. ஃபார்மட் போட்டவர் அதே சிடியிலிருந்து அதே டிரைவரைத் திரும்பவும் ஏற்றியிருக்கிறார், பிறகு பழுது எப்படிப் போகும்? சிப் தயாரித்தவரின் புது டிரைவரைப் போட்டதும் சரியாகிவிட்டது. நல்லவேளை, அவர்கள் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தார்கள்.

அதனால் வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை இதுதான்: பிரிண்டர், வைஃபை குச்சி, வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஷட் டவுன் கொடுங்கள். ஒழுங்காக அணைந்தால் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள்.

இன்னொரு சோதனைக்குக் காசே ஆகாது. ரீஸ்டார்ட் கொடுத்தால் நன்றாக நடக்கிறது, ஷட் டவுனில் மட்டும் விழுகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகியுங்கள். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த வசதி அது. அது இயங்கும்போது ஷட் டவுன் முழு ஷட் டவுன் அல்ல. உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளும், மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். நேற்றுக் குழம்பிய டிரைவர் இன்றும் குழம்பியபடியே எழுகிறது. ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினால் அந்த ஒரு தடவை முழுதாக அணையும். அப்போது நீலத்திரை வரவில்லையா? கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் இதனால் கூடும் நேரம் சில நொடிதான். திடீர் திடீரென்று கரண்ட் போகும் ஊரில் இந்த வசதி வேண்டாம் என்பதே என் கருத்து.

பழுதே இல்லாததையும் சிலர் கொண்டு வருகிறார்கள். இரவு அணைத்தது, விடியற்காலை தானாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பார்கள். கரண்ட் திரும்பி வந்ததும் எழும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) அமைத்திருக்கும், அதை மாற்றினால் போதும். இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் விழுந்தால் அது விண்டோஸ் கோளாறு இல்லை. பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் நிலை இருக்கும், அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும். கரண்ட் போகப்போகும் நேரத்தில் "அப்டேட் அண்ட் ஷட் டவுன்" மட்டும் கொடுக்கவே வேண்டாம். பாதியில் நின்ற அப்டேட்டைச் சரிசெய்வதுதான் எங்களுக்கு ஆகப் பெரிய வேலை.

இவ்வளவுக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் போங்கள். போகும் முன் உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், வீட்டில் அதில் செருகியிருக்கும் குச்சி, பிரிண்டர், சார்ஜர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அவை இல்லாவிட்டால் எங்கள் மேஜையில் அது ஒழுங்காக அணைந்துவிடும். பழுது எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் புதிதாக எதைச் செருகினீர்கள் அல்லது ஏற்றினீர்கள், விழுந்தபோது லைன் கரண்டா இன்வெர்ட்டரா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.