தாத்தா வீட்டுத் தண்ணீர் பாட்டில்

விடுமுறை தொடங்கி நான்கைந்து நாள் ஆனதும் எங்கள் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களின் வயது மாறிவிடும். மற்ற நாட்களில் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி என்று பெரியவர்கள்தான் அதிகம். விடுமுறையில் மூன்று வயது, ஐந்து வயது, எட்டு வயது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற தாத்தாவையும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒரு மூன்று வயதுப் பையனை மறக்க முடியவில்லை. விறகு அடுப்பு பற்றவைப்பதற்காகத் தாத்தா ஒரு தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். பல வருடமாக அடுப்படி மூலையில் அதே இடத்தில்தான் இருந்தது. அவருக்கும் பாட்டிக்கும் அது மண்ணெண்ணெய் பாட்டில். முதல் நாள் இரவு வந்து இறங்கிய பேரனுக்கு அது தண்ணீர் பாட்டில். ஒரு மடக்கு குடித்துவிட்டு இருமியிருக்கிறான். பாட்டி பயந்துபோய், உப்புத் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்துவிட்டார்.

“உள்ளே போனது வெளியே வந்துடணும்னுதானே சார் செஞ்சேன்?” என்று கேட்டார். அந்த இடத்தில் அவரை என்ன சொல்ல முடியும்? ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். மண்ணெண்ணெய் வயிற்றில் இருந்தால் பெரும்பாலும் அவ்வளவு தீங்கு செய்யாது. நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து. தண்ணீர் போல இளகலாக இருப்பதால் சில துளிகள் மூச்சுக்குழாயில் இறங்கினாலே உள்ளே பரவி நுரையீரலைப் புண்ணாக்கும். வாந்தி எடுக்க வைக்கும்போது அது தொண்டையை இரண்டாவது தடவை கடக்கிறது. பையன் மூன்று நாள் ஆக்ஸிஜனில் இருந்தான். பிழைத்துக்கொண்டான்.

ஆகவே வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பாலும் ஊற்ற வேண்டாம். வாயைத் துடைத்து, நனைந்த சட்டையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நிமிர்த்தி உட்காரவைத்து அழைத்து வாருங்கள். “நல்லாத்தானே விளையாடுறான்” என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அதனால்தான் எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தையைக்கூட நாங்கள் குறைந்தது 6 மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்புகிறோம்.

பூச்சிமருந்து இதைவிட மோசம், ஏனென்றால் அது தோல் வழியாகவும் உள்ளே போகும். வாயில் எச்சில் வழிவது, வியர்த்துக் கொட்டுவது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது இவையெல்லாம் பரவலாகப் பயன்படும் ஒரு வகைப் பூச்சிமருந்தின் அடையாளங்கள். துணியைக் கழற்றிக் குளிப்பாட்டுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். வரும்போது அந்த டப்பாவையும் கொண்டுவாருங்கள். ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் எந்த மாற்று மருந்து என்று முடிவெடுப்போம். “ஏதோ பச்சைக் கலர் மருந்து டாக்டர்” என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.

அப்புறம், தாத்தா பாட்டியின் மாத்திரைகள். அவற்றை யாரும் விஷமாக நினைப்பதில்லை. கைப்பையில், தலையணைக்கு அடியில், கிழமை போட்ட டப்பாவில் என்று கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். அதுவும் உடனே இறங்கும் என்று சொல்ல முடியாது, பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். பகலில் விழுங்கிய குழந்தை ராத்திரி அசந்து கிடக்கும், ஆடின களைப்பு என்று நினைத்து வீட்டில் விளக்கை அணைத்துவிடுவார்கள். டப்பாவில் ஒரு மாத்திரை குறைந்தாலும் குழந்தையோடு கிளம்பி வந்துவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் இதே அளவு ஆபத்தானவை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டை ஒதுக்கி வையுங்கள் என்று பெரியவர்களிடம் யார் சொல்வது? மருமகள் சொன்னால் குற்றம் சொல்வதாகிவிடும். “நீங்கள்லாம் இந்த வீட்டுல வளரலையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் தவழும் நாளிலிருந்தே எதைத் தொடக்கூடாது என்று பழகியவர்கள். விருந்தாளியாக வந்த குழந்தைக்கு அந்தப் பழக்கம் இல்லை. மகனோ மகளோ கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போனில், அதுவும் டாக்டர் சொன்னதாகச் சொல்லிக் கேட்பது நல்லது. என் பெயரைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தீக்காயத்துக்கு வருகிறேன். விடுமுறையில் நான் அதிகம் பார்ப்பது கொதிக்கிற திரவம் பட்ட புண்தான். நிறையப் பேர் குளிக்க வேண்டும் என்று பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து இருவர் தூக்கிக்கொண்டு வருவார்கள். நடுவில் குழந்தை ஓடிவரும். ஒரு சிறுமியை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வெள்ளை வெளேரென்று பற்பசை. காய்ந்து செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்து எடுத்தால்தான் புண் எவ்வளவு ஆழம் என்று தெரியும். நானும் செவிலியரும் நனைத்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். அரை மணி நேரம் அவள் அழுத அழுகையில் பாதி அந்தப் பற்பசையால் வந்தது.

பற்பசை, மை, எண்ணெய், முட்டை எதுவும் வேண்டாம். சாதாரணக் குளிர்ந்த நீர், 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், ஏனென்றால் பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபது மாதிரித் தோன்றும். குழாய் இல்லையென்றால் குடத்திலிருந்து குவளையால் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். உடனே செய்ய முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வைக்காதீர்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தப்பிக்க வேண்டிய தோலையும் கெடுக்கும். வளையல், மோதிரம், கயிறு இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்காதீர்கள். கையில் தண்ணீர் ஊற்றும்போது மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், சின்னக் குழந்தைகள் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்து வரலாம். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு இவற்றில் பட்டிருந்தால் சிறியதாக இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

வெள்ளையடிக்க வைத்திருக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தாலும் தண்ணீர்தான். சுண்ணாம்பு காரம், அமிலத்தைவிட வேகமாகக் கண்ணுக்குள் ஊறும். கட்டியாக இருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரமாவது ஊற்றிவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

தீவனம் வெட்டும் இயந்திரத்தில் விரல் துண்டானால், துண்டை நேராக ஐஸில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அது உறைந்துபோனால் ஒட்டவைக்க முடியாது. ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும்.

பாம்புக் கடிக்குக் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, இன்னும் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபடுவதும் நடந்திருக்கிறது.

நாய் விஷயத்தில் குழந்தைகள் மறைப்பார்கள். குட்டியோடு விளையாடாதே என்று சொல்லியிருப்போம், கடித்ததைச் சொன்னால் திட்டு விழும். குளிப்பாட்டும்போது பல் பட்ட தடம், கீறல் இருக்கிறதா என்று பார்த்து, கோபப்படாமல் கேளுங்கள். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

தண்ணீர் பற்றிப் பேசும்போது எனக்குக் கிணற்றைவிட வாளி மேல்தான் பயம். கிணற்றைப் பார்த்தால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் அரை வாளித் தண்ணீரே போதும், சத்தமும் வராது. பத்துப் பேர் இருக்கும் வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேருமே நினைப்பதுண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். “இப்ப மாமா முறை, அடுத்து அத்தை.” சிரிப்பார்கள், பரவாயில்லை.

நீரில் இருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், தட்டாமாலை சுற்றுவதும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை காற்று ஊதி, பிறகு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. எங்கேயாவது பயிற்சி நடந்தால் ஒரு அரை நாள் போய் வாருங்கள்.

கிராமத்து வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அதனால் போய்ச் சேர்ந்த அன்றே சிலவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையிலும் ராத்திரியிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது, யாரிடம் வண்டி இருக்கிறது, அவர் இரவில் ஓட்டும் நிலையில் இருப்பாரா, வீட்டில் எந்த மூலையில் நின்றால் சிக்னல் கிடைக்கும். குழந்தையின் எடையையும் ஒவ்வாத மருந்தையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுவோம், அந்த நேரத்தில் பெற்றவர்களுக்கே எடை ஞாபகத்துக்கு வராது.

அந்தத் தாத்தா சில மாதம் கழித்துத் தன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்திருந்தார். மண்ணெண்ணெய் இப்போது தகர டப்பாவில், பூட்டிய அறையில் இருக்கிறதாம். சாவி எங்கே என்று கேட்டேன். கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். எவ்வளவு உயரத்தில் என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை உயர்த்திக் காட்டினார், அப்புறம் தானாகவே கொஞ்சம் மேலே ஏற்றினார்.