டிரஸ் கோடு: கோடும் இல்லை, கோட்டும் இல்லை

காரைக்குடியில் எங்கள் எதிர்வீட்டில் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், முடிந்து மூன்று மாதம் ஆகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அப்பச்சியையும் ஆத்தாளையும் (அப்பா, அம்மாவை) ஏழு ராத்திரிக் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்ப டிக்கெட் போட்டுவிட்டான். அந்தக் காகிதங்களை முகப்பில் பரப்பி வைத்துக்கொண்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாங்க. எல்லாம் வெளங்குது. ராத்திரி சாப்பாட்டுக்கு டிரஸ் கோடுன்னு போட்டுருக்காகளே, அதுதான் தெரியல. கோடு போட்ட சேலை கட்டணுமா, கட்டம் போட்டதும் ஆகுமா?"

உள்ளேயிருந்து ஆச்சியின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், குரல் கொடுத்தார். "கோடு இல்ல, கோட்டு. கோட்டு மாட்டிக்கிட்டுத்தான் சாப்பிட வரணும்னு சொல்றாக."

இருவருமே சொல்லைத் தவறாகப் பிடித்தார்கள். ஆனால் விஷயத்தில் இருவரும் பாதிக்கு மேல் சரி. அந்தக் கப்பல் விருந்தில் ஆண்கள் பெரும்பாலும் கோட்டு மாட்டிக்கொண்டுதான் வருவார்கள், ஆச்சியின் கட்டம் போட்ட கண்டாங்கிக்கும் அங்கே இடம் உண்டு. நான் அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். டிரஸ் கோடு என்ற இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இணையத்தில் புழங்கும் தமிழ் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

'டிரஸ்' முதலில் துணியைக் குறித்த சொல்லே அல்ல. பழைய பிரெஞ்சில் அது நேராக்குதல், ஒழுங்குபடுத்துதல் என்ற வினை. அதற்கு வேர் லத்தீனில் 'நேர்' என்னும் பொருள் தரும் சொல். காயத்துக்குக் கட்டுப் போடுவதை ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸிங் என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். தன்னை ஒழுங்குசெய்துகொள்வது என்ற பொருளில் தொடங்கி, ஒழுங்கு உதிர்ந்து துணி மட்டும் மிஞ்சியது. நம் 'உடு' அப்படி இல்லை. தொடக்கத்திலிருந்தே உடம்போடு ஒட்டியது. 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே' என்று புறநானூற்றில் நக்கீரனார் சொன்ன உடுப்பும், இன்றைக்குத் தையற்கடையில் கேட்கும் உடுப்பும் ஒன்றே.

'கோடு' (code) வந்த வழி இன்னும் சுவையானது. லத்தீனில் 'காடெக்ஸ்' என்றால் மரத்தின் அடித்தண்டு. தண்டைப் பலகைகளாக அறுத்து, மெழுகு பூசி, எழுத்தாணியால் எழுதினார்கள். அப்படிச் சேர்த்துக் கட்டிய பலகைகளுக்கும் அதே பெயர் வந்தது. உச்சரிப்பு மட்டும் 'கோடெக்ஸ்' ஆனது. பிறகு தோலில் எழுதிக் கட்டிய புத்தகத்துக்கும் அந்தப் பெயர். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் ரோமானியச் சட்டங்களைத் தொகுக்கச் செய்தபோது, சட்டத் தொகுப்புக்கே அது பெயராக நிலைத்தது. மரம், பலகை, புத்தகம், சட்டம். 1860இல் வந்த இந்திய பீனல் கோடு (தண்டனைச் சட்டம்) வரைக்கும் இதே பொருள்தான். 2024 ஜூலையில் அது போய் 'சன்ஹிதா' வந்தது. அதற்கும் சேர்த்து வைத்தது, தொகுத்தது என்றுதான் பொருள்.

பழந்தமிழில் 'கோடு' என்றாலும் மரக்கொம்புதான். கொம்பில் பூப்பது கோட்டுப்பூ. இதைப் பார்த்துவிட்டு லத்தீன் தமிழிலிருந்து பிறந்தது என்று யாராவது வாட்ஸப்பில் எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஒலி ஒத்துப்போனதால் உறவு வந்துவிடாது. ஒலியை மட்டும் நம்பித்தான் அண்ணன் கோட்டுக்குப் போனார்.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். இணையத்தில் 'ஆடைக் குறியீடு' என்று ஒரு சொல் உலவுகிறது. கப்பல் கம்பெனி, ஓட்டல், ஐ.டி. அலுவலகம் என்று பலருடைய தமிழ்ப் பக்கத்திலும் இதுதான். இது அகராதியில் தப்பான வரியைப் பிடித்த மொழிபெயர்ப்பு. கோடு என்பதற்கு 'மறைகுறி' என்ற பொருள் பிற்பாடு கிளைத்தது. தந்தி, ராணுவச் செய்தி, பிறகு கணினி என்று அந்தக் கிளை வளர்ந்தது. 1972இல் வந்த பின்கோடுக்கு 'அஞ்சல் குறியீட்டு எண்' என்று சொன்னது மிகச் சரி. 630001 என்றால் காரைக்குடி என்று ஓர் எண் ஓர் ஊரைக் குறிக்கிறது. ஆனால் டிரஸ் கோடில் எதுவும் எதையும் குறிப்பதில்லை. இன்ன இடத்துக்கு இன்னபடி உடுத்தி வாருங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கப்பலில் மட்டும் உடுத்துவதற்கும் குறியீட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். விழா நாட்களில் முன்முனையிலிருந்து பாய்மரம் வழியே பின்முனை வரை வண்ணக் கொடிகளைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். ஆங்கில மாலுமிகள் அதைக் கப்பலுக்கு 'டிரஸ்' செய்வது என்பார்கள். அந்தக் கொடிகளோ ஒவ்வொன்றும் ஓர் எழுத்தையோ எண்ணையோ குறிக்கும் சைகைக் கொடிகள். ஆடைக் குறியீடு என்று சொல்லியே ஆகவேண்டும் என்றால் அதற்குச் சொல்லிக்கொள்ளலாம்.

செய்தித்தாள்கள் 'உடைக் கட்டுப்பாடு' என்கின்றன. பொருள் தவறில்லை. ஆனால் அந்தச் சொல் வாசலில் கம்போடு நிற்கிறது. பள்ளி, கல்லூரி, கோயில் என்று யாராவது யாரையாவது தடுத்த செய்தியில் வரும்போது பொருத்தமாகத்தான் இருக்கிறது. 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்ததற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. அது கட்டுப்பாடு, வேறு சொல் வேண்டாம். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சட்டமன்றம் சட்டம் போட்டது: கிளப், சங்கம் போன்ற பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

கப்பல் விருந்து அப்படி அல்ல. அதன் நடப்பைத் தெரிந்துகொண்டால்தான் சரியான சொல் பிடிபடும்.

பழைய காலத்தில் அட்லாண்டிக் கடக்கும் கப்பல்களில் முதல் வகுப்புக்காரர்கள் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொண்டு வருவார்கள். ஏறிய முதல் ராத்திரிக்கு விலக்கு, பெட்டிகளைப் பிரிக்க நேரம் இருக்காது என்பதால். இன்றும் அந்த வழக்கத்தின் எச்சம் இருக்கிறது. ஏழு ராத்திரிப் பயணத்தில் பொதுவாக இரண்டு ராத்திரிகளை 'ஃபார்மல் நைட்' என்று வைப்பார்கள். முதல் நாள் வைப்பது அரிது. ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது அடர்நிறச் சூட்டு, பெண்களுக்கு நீண்ட மாலை உடை. குனார்டு கம்பெனியின் 'குயின் மேரி 2' போன்ற கப்பல்களில் இதைக் 'காலா' இரவு என்கிறார்கள். கறுப்பு-வெள்ளை இரவு, முகமூடி இரவு என்று அதற்குத் தலைப்பும் உண்டு.

எல்லாக் கப்பலும் இவ்வளவு விறைப்பாக இல்லை. நார்வீஜியன் கம்பெனி 2000ஆம் ஆண்டிலேயே இஷ்டப்படி வரலாம் என்று தளர்த்திவிட்டது. செலிபிரிட்டி கம்பெனி 2015இல் ஃபார்மல் என்ற பெயரையே எடுத்துவிட்டு 'ஈவ்னிங் சிக்' என்று வைத்தது. பெயர் எதுவானாலும், பெரிய சாப்பாட்டு அறைக்குள் அரைக்கால் சட்டையோடும் கடற்கரை ரப்பர் செருப்போடும் நுழைவது பெரும்பாலும் ஆகாது.

'பிளாக் டை' என்று போட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் நல்ல கறுப்பு டை ஒன்றை வாங்கி, பழுப்புச் சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டு போய் நின்றார். பிளாக் டை என்பது டையின் பெயர் அல்ல, முழுத் தொகுதியின் பெயர்: கறுப்பு அல்லது ஆழ்நீல டின்னர் ஜாக்கெட், வெள்ளைச் சட்டை, கறுப்பு வில் டை எல்லாம் சேர்ந்தது. அந்த ஜாக்கெட்டே ஒரு காலத்தில் முறை தளர்ந்ததன் அடையாளம். 1865இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, வால்கோட்டு தொந்தரவாக இருக்கிறதென்று லண்டனில் ஹென்றி பூல் தையற்கடையில் வாலில்லாத குட்டைக் கோட்டு ஒன்று தைக்கச் சொன்னார். அமெரிக்காவில் 1886இல் திறந்த டக்ஸீடோ பார்க் கிளப்பில் அது பரவி, ஊர்ப்பெயரே உடுப்புக்குப் பெயராகிவிட்டது. வீட்டுக்குள் சௌகரியத்துக்காகப் போட்டதுதான் இன்றைக்குக் கப்பலில் உச்சபட்ச விறைப்பு.

இப்போது முக்கியமான கேள்வி. ஃபார்மல் ராத்திரியில் ஒருவர் சாதாரணச் சட்டையோடு இருந்தால் என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்யமாட்டார்கள். பஃபேயில் சாப்பிடலாம், அறைக்கே சாப்பாட்டை வரவழைத்துக்கொள்ளலாம். பெரிய பந்தியில்தான் பெரும்பாலும் உட்கார முடியாது. இதைச் சொன்னதும் ஆச்சி, "அட, அப்ப இது முறை!" என்றார்.

எனக்கு வேண்டிய சொல் அதுதான். செட்டிநாட்டில் 'முறை' தாங்குகிற பாரத்தை வேறு எந்தச் சொல்லும் தாங்குவதில்லை. உறவு முறை, முறைப்பெண், கோயிலில் முறை, கல்யாணத்தில் முறை செய்வது, யாருக்கு என்ன செய்யவேண்டும் என்று எழுதி வைக்கும் முறைச்சிட்டை. முறையை மீறினால் போலீஸ் வராது. பத்து வருஷம் கழித்தும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிக்காட்டுவார்; தண்டனை அவ்வளவுதான், அதுவே போதும். மரப்பலகையில் எழுதிய கோடெக்ஸும், சிட்டையில் எழுதிய முறையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு கூட்டம் தனக்குள் ஒப்புக்கொண்டதை மறக்காமல் எழுதி வைக்கின்றன.

உடுப்புக்கும் இங்கே முறை இல்லாமல் இல்லை. பிள்ளையார்பட்டியில் சந்நிதிக்கு முன் சட்டையைக் கழற்றும் ஆண்களை யாரும் அதட்டிக் கழற்றச் சொல்வதில்லை. பெரியவர் எதிரே வந்தால் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிய காலம் ஒன்று இருந்தது. பிள்ளையார் நோன்பன்று கோடி வேட்டியிலிருந்துதான் இருபத்தோரு இழை எடுத்துத் திரி திரிக்கவேண்டும், பழந்துணி ஆகாது. இதையெல்லாம் கட்டுப்பாடு என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் 'உடை முறை' என்று சேர்த்தால் சிக்கல். எழுதினால் சரி, சொன்னால் தேங்காய் உடைக்கும் முறையா என்று கேட்கத் தோன்றும். 'உடை நெறி' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் நெறி என்றதும் நீதிநூல் வாசனை வந்துவிடுகிறது. சூட்டுப் போடுவதில் அறம் எதுவும் இல்லை. ஆகவே பொதுவாக டிரஸ் கோடுக்கு 'உடுப்பு முறை' என்பேன். 'ஃபார்மல் வியர்' (wear) என்பதற்கு 'முறையுடை', ஃபார்மல் டின்னருக்கு 'முறையுடை விருந்து'. ஃபார்மலின் வேர் 'வடிவம்' என்பது. வடிவம் மாறாமல் செய்வதைத்தான் நாமும் முறையாகச் செய்வது என்கிறோம். 'ஸ்மார்ட் கேஷுவல்'தான் பிடி கொடுக்கவில்லை. அதை ஆங்கிலத்திலேயே ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொள்கிறார்கள். இப்போதைக்கு 'நேர்த்தியான சாதா உடுப்பு' போதும்.

இந்தப் பகுதிக்குக் கப்பல் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் பலருக்கு 1926இல் கட்டிய 'ரஜுலா'தான் கப்பல். பெரும்பாலும் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். டின்னர் ஜாக்கெட் எல்லாம் வெள்ளைக்காரர் இருந்த முதல் வகுப்பின் கவலை. போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர்கள் பர்மாத் தேக்கில் போஜன ஹால் கட்டினார்கள். அங்கே பந்தியின் முறை அவர்களுடையது.

அண்ணனுக்குக் கோட்டு வேண்டுமா? கட்டாயம் இல்லை. குனார்டு போன்ற கம்பெனிகள் அவரவர் நாட்டு முறையுடையையும் ஏற்றுக்கொள்வதாக எழுதியே வைத்திருக்கின்றன. பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம் போதும். சென்னைக் கிளப்புக்குப் போட்ட சட்டம் நடுக்கடலில் செல்லாது. ஆனாலும் தங்கள் கப்பல் எந்தக் கம்பெனியுடையதோ அவர்களிடம் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது என்று சொன்னேன். ஆச்சிக்கு அந்தக் கவலையும் வேண்டாம். புடவையை எந்தச் சாப்பாட்டு அறையிலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பட்டா, 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கியா என்பதுதான் கேள்வி. (பாருங்கள், குறியீடு கடைசியில் உடுப்பில் வந்து சேர்ந்துவிட்டது. இங்கே அது சரியான இடத்தில்தான் இருக்கிறது.)

ஆச்சி டிக்கெட் உறையின் பின்பக்கத்திலேயே சிட்டை எழுதத் தொடங்கினார். மாத்திரை, ஊறுகாய், கண்ணாடி, விபூதிப் பை.

"முறையுடை எத்தனை நாளைக்கு, தம்பி?"

"ரெண்டு ராத்திரிதான் ஆச்சி. மொத நாள் கெடையாது."

"கண்டாங்கி ரெண்டு" என்று எழுதிவிட்டு, "அண்ணனுக்கு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா கோட்டுத்தான் வேணும்பாக" என்றார்.